கடைக்குப் பின்னால் நின்ற கார்கள்

1937, மாசி மாதம், சனிக்கிழமை

மேலூர் கோர்ட்டுக்குப் போய்வர ஒரு கார் வாங்கலாம் என்று இன்று என் மனைவி மங்களத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். டவுனில் உள்ள பெரிய கடையில் பச்சை நிறக் கார் ஒன்று பளபளவென்று நின்றது. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மங்களம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கடைக்குப் பின்னால் இருந்த ரிப்பேர் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அங்கே புழுதி படிந்த ஒரு காருக்குப் பக்கத்தில் அதன் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு நாளா நிக்குது அண்ணே?" என்று கேட்டாள்.

"மூணு மாசமாச்சும்மா. சாமான் பம்பாயிலருந்து வரணுமாம். நானும் தினம் வாரேன், போறேன்."

அடுத்துப் போன கோரிப்பாளையத்துச் சின்னக் கடையிலும் இதே விசாரணைதான். அங்கே நின்ற டிரைவர், "ஏழு வருசமா இதே வண்டிதாம்மா. ரிப்பேருக்குக் காலையில விட்டா, பொழுதுசாய எடுத்துட்டுப் போயிருவேன்" என்றார். அந்தக் கடையில் இருந்தது கறுப்புக் கார், பார்வைக்குச் சுமார். அதற்கே அச்சாரம் கொடுத்துவிட்டோம்.

ஜட்காவில் திரும்பும்போது எனக்கு மனம் ஆறவில்லை. "பொருளப் பாக்காம யாராச்சும் வாங்குவாங்களா?" என்றேன்.

"எங்கப்பா உங்களப் பாக்கவா வந்தாரு? உங்க பக்கத்து வீட்டுலதான விசாரிச்சாரு" என்றாள்.

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன சொன்னாராம் என்று கேட்டேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சொல்லவில்லை. இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எங்கள் கல்யாணம் பேசிய அந்த வருஷம் அவருக்கும் எனக்கும் கிணற்றடிச் சண்டை, பேச்சுவார்த்தையே கிடையாது. பிறகு எப்படிப் பெண் கொடுத்தார்கள்?