ஈசல் வராத குளியலறை

அன்புள்ள அண்ணாவுக்கு, தீக்ஷா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன், கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாமே, பொழுது சாய்ந்தபிறகு நாம் சாப்பிடுவதில்லையே, அதற்குள் பிள்ளை எப்படிச் சாப்பிடுவான் என்று அம்மா தினமும் புலம்புகிறாள், மதியமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடு. நாங்கள் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிடுவது அப்பாவின் போனில், பேசுவது எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில், நான் மெசேஜ் அனுப்பினாலும் அவர்தான் எடுத்துப் பார்ப்பார். அதனால் எல்லோரும் தூங்கியபிறகு ரெக்கார்டு நோட்டுக்கு அடியில் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். நாளை பள்ளி விட்டதும் என் தோழி சினேகா தன் அக்காவின் போனில் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். உள்ளே அப்பா இருமினாலும் தாளை நோட்டுக்குள் தள்ளிவிடுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அம்மாவுக்கு வாங்கி அனுப்பிய கேஸ் ஹீட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம் விமல்ராஜ் என்ற ஒரு ஆள் வந்து மாட்டினார். நல்ல கலகலப்பான ஆள். “டேங்க்கே கெடையாதும்மா, குழாயத் தெறந்தா அடுத்த நிமிசம் சுடுதண்ணி, இனிமே மாமியார் வந்தாக்கூட காக்க வைக்க முடியாது” என்றார், அம்மா வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். குளியலறைக்கு வெளிச்சுவரில் மாட்டுவதுதான் நல்லது என்று அவர் ஒருமுறை சொன்னார். மழையில் துருப்பிடிக்கும், குழாயும் ஜாஸ்தி ஆகும், உள்ளேயே மாட்டு என்றார் அப்பா. விமல்ராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, “செரி சார், ஜன்னல் இருக்குல்ல, தெறந்தே இருக்கட்டும்” என்று மாட்டிவிட்டுப் போனார். அம்மாவின் கைமுட்டு வலிக்கு அந்த வெந்நீர் இதமாகத்தான் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை.

பிறகு மழை வந்தது. உனக்குத் தெரியாததா, வேங்கிக்காலில் மழை விட்டால் புற்றெல்லாம் கிளம்பி வீட்டுக்குள் வந்துவிடும். ஒருநாள் விடியற்காலை அம்மா குளிக்கப் போனபோது ஈசல் கூட்டமாக ஜன்னல் வழியே வந்து அந்த நீலத் தீயில் விழுந்திருக்கிறது. ஹீட்டருக்கு அடியில் தரை முழுக்கக் கருகிய சிறகு. அம்மா ஈரப் புடவையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாள். நம் வீட்டில் தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறோம், நான் குளிக்கிறதுக்கு இத்தனை உயிரைக் கொன்னுட்டேனே என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அப்பா உடனே வேலையில் இறங்கினார். ஏதோ கல்யாணத்துக்கு அடித்த பழைய பிளக்ஸைக் கொண்டுவந்து ஜன்னலை முழுக்க மூடி ஆணி அடித்தார், ஓரமெல்லாம் டேப் ஒட்டினார், கதவுக்கு அடியில் இருக்கும் சந்துக்குச் சாக்கு. எறும்புகூட நுழையாது. ஜினாலயத்தில் எல்லோரிடமும் சொன்னார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த வீரேந்திரன் மாமா அதைப் போய்ப் பார்த்துவிட்டு, “அகிம்சைனா இப்படி இருக்கணும், உங்கள மாதிரி யார் மாமா யோசிப்பாங்க” என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஈசல் சாகாமல் இருக்க இவ்வளவு யோசித்தவர்கள், உள்ளே குளிக்கிறவள் எதை மூச்சாக இழுப்பாள் என்று யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து அம்மாவுக்குக் காலையில் தலைவலி. தைலம் தேய்த்துக்கொண்டு சமையலுக்குப் போவாள். போன வாரம் சதுர்த்தசி உபவாசத்தன்று குளிக்கும்போது உள்ளேயே விழுந்துவிட்டாள். சத்தம் கேட்டு நான் தட்டினேன், பதில் இல்லை. அன்று நடைக்குப் போகாமல் இருந்த அப்பா கதவை இடித்துத் திறந்தார். உதடு கிழிந்து, கண் செருகிக் கிடந்தாள். கிளினிக்கில் என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டார்கள், உபவாசம் என்றதும் அதுதான் காரணம் என்று உதட்டில் தையல் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். குளியலறையில் என்ன எரிகிறது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அப்பா கதவைச் சரிசெய்தார், தாழ்ப்பாள் புதிதாகப் போட்டார், பிளக்ஸ் அப்படியே இருக்கிறது. நீ போனில் பார்த்தபோது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தது பல்வலியால் இல்லை. பொய் சொன்னாள். நீயும் சுடுதண்ணி நல்லா வருதாம்மா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

எனக்கும் ஒருநாள் உள்ளே கால் துவண்டது, வாந்தி வருவதுபோல இருந்தது, கதவைத் திறந்து வெளியே வந்ததும் சரியாகிவிட்டது. காற்றுப் போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனை கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும் என்று பாடத்தில் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். “கெமிஸ்ட்ரில பாஸ் மார்க்குக்கே திண்டாடுறவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா” என்றார். பிளக்ஸை எடுத்துவிட்டுக் கொசுவலை அடிக்கலாமே என்றேன். ஓங்கிய கையை அம்மா பிடித்துக்கொண்டாள். உன் அண்ணன் சம்பாதிச்சு அனுப்பின பொருளைக் குறை சொல்லி அவன் காதுக்கு ஏதாவது போச்சு, அப்புறம் பள்ளிக்கூடமே கிடையாது என்றார். நான் ஒருநாள் டேப்பை ஓரமாகப் பிரித்துவிட்டேன், சாயங்காலமே திரும்ப ஒட்டிவிட்டார், யார் பிரித்தது என்று கேட்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே ஒட்டினார். அம்மாவிடம் தனியாகக் கெஞ்சினேன், அடுப்பிலேயே தண்ணீர் காய்ச்சிக்கொள் என்று. “ஆசையா வாங்கி அனுப்பிச்சிருக்கான்டி, வாணாம்னு சொன்னா அவன் மனசு என்ன ஆவும்” என்கிறாள். உன் மனசு நோகக்கூடாது, ஈசல் சாகக்கூடாது, அப்பா சொன்னது தப்பாகக்கூடாது. மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான்.

இப்போது நான் என்ன செய்கிறேன் தெரியுமா, அம்மா உள்ளே போனதும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் அம்மா உம் சொல்ல வேண்டும். “ஏன்டி, நான் என்ன கதையா கேக்கறேன்” என்று அலுத்துக்கொண்டே சொல்கிறாள். உம் வரக் கொஞ்சம் தாமதமானாலும் கதவைத் தட்டிவிடுகிறேன். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து பள்ளியில் விடியற்காலை ஸ்பெஷல் கிளாஸ், அம்மா எழுந்திருக்கும்போதே நான் கிளம்பிவிட வேண்டும். அப்பா அந்த நேரம் நடைக்குப் போய்விடுவார். கதவுக்கு வெளியே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ பேச வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாதே. அப்பா தப்பு செய்தார் என்றும் சொல்லாதே, அப்படிச் சொன்னால் இன்னொரு பிளக்ஸ் அடிப்பார். அந்த ஹீட்டரே பழுது, கம்பெனிக்காரன் திருப்பிக் கேட்கிறான், உடனே கழற்றி வையுங்கள் என்று சொல். பொய் சொல்லக்கூடாது என்பது நம் விரதம், எனக்குத் தெரியும். இந்த ஒரு பொய்யின் பாவத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், நீ தயங்காதே. உனக்கு அதைவிடக் கஷ்டம் நீ வாங்கியதை நீயே பழுது என்று சொல்வதுதான் என்றால், அம்மாவின் உதட்டில் இருக்கும் தையலை ஸ்கிரீனில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொல்.

நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன், அருகன் அருள் உனக்குத் துணை இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். சினேகாவின் அக்கா எண்ணுக்குப் பதில் எதுவும் அனுப்பாதே, அவர்கள் வீட்டிலும் கேட்பார்கள். படித்தேன் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் நீ ஹீட்டரைக் கழற்றச் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போக மாட்டேன், அப்பா என்ன செய்தாலும் சரி, கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை,
தீக்ஷா