ஆணியில் தொங்கும் ஒற்றைச் செருப்பு

என் செல்ல மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு டீச்சரம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ஏணியும் மோட்டாரும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் உன் கடைவாய்ப் பல்லும் சுகமா என்று அறிய ஆசை. பல் சங்கதி அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்காதே, பிறகு அதற்கு வருகிறேன். கைக்குள் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே நீ உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய், நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே பாய்ந்துவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பாய முடியாது பார். நான் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், என் பேச்சுக்குக் கோட்டு சூட்டு மாட்டிவிடாதீர்கள் என்று டீச்சரம்மாவிடம் கேட்டுக்கொண்டேன், அவர்கள் சட்டையாவது போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் போனில் சொன்னதை அவள் அப்படியே என்னிடம் ஒப்பித்தாள். நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் கூடத்தில் ஆட்களுக்குக் கடன் கொடுக்கிறார்களாம், அதை வாங்கி எங்களுக்குச் சிமெண்டு கலக்கிற மெஷின் ஒன்று வாங்கித் தரப்போகிறாயாம், வாடகைக்கு விட்டால் ஏணியும் மோட்டாரும் கொடுப்பதைவிட அது அதிகம் கொடுக்குமாம். மூன்று வருடம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம், அதுவரை வேலையை விட்டு விலகக் கூடாதாம், மாசக் கடைசியில் கையெழுத்தாம். இவ்வளவையும் நீ சந்தோஷமாகச் சொன்னாயாம். உன் அம்மா அதைச் சொல்லும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெஷின் நல்ல யோசனைதான், உன் தலையில் எப்போது கெட்ட யோசனை வந்தது. ஆனால் அந்த மூன்று வருடம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. அதனால்தான் மாசக் கடைசிக்கு முன்னால் உன் கைக்கு வரட்டும் என்று இந்தக் கடிதம். கையெழுத்துப் போடாதே அம்மா. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நடந்தது எதுவும் மறக்காது. மாவு மில்லில் மூட்டை தூக்கிய முழங்கால் என்னைக் கைவிட்ட வருடம், முன்னறைச் சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. வண்ணம் அடிக்கிறவர் வந்து பார்த்துவிட்டு ஒரு கூலி கேட்டார். நீ அப்போதுதான் முதல் சம்பளம் வாங்கியிருந்தாய், அந்தக் கூலியைவிட ஓர் ஏணி விலை குறைவு என்று கணக்குப் போட்டுக் கடைக்குப் போய் அந்த அலுமினிய ஏணியை வாங்கி, கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றதும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தாய். தெருமுனையில் நீ திரும்பும்போது ஏணி முன்னால் வந்தது, பின்னால் நீ வந்தாய். அம்மா கீழே பிடித்துக்கொள்ள நீயே ஏறி அடித்து முடித்தாய், சுவரில் பாதி உன் தலையில் பாதி. மறுநாளே எதிர்வீட்டுக் குழாய்க்காரர் ஏணி கேட்டு வந்தார், நானும் எடுத்துக்கோ என்றேன். அது அவரிடமிருந்து இவரிடம் இவரிடமிருந்து இன்னொருவரிடம் என்று தெருவெல்லாம் விருந்தாடிவிட்டுக் கால் கோணிக்கொண்டு வந்து சேர்ந்தது. நீ கோபத்தில் சாப்பிடவே இல்லை. அடுத்த முறை வாடகை வாங்குப்பா என்றாய். யார் கொண்டுபோனார் என்று எழுதி வைக்க எனக்கு எழுத்து வராது, முன்பணம் வாங்கினால் கொடுத்தேன் கொடுக்கவில்லை என்று சண்டை வரும் என்றேன். அப்போது நீ சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "ஒத்தைச் செருப்பைக் கழட்டி வச்சிட்டுப் போகச் சொல்லுப்பா. பணத்தை மறந்தாலும் மறப்பான், வெறுங்காலை எவனும் மறக்கமாட்டான்."

தெருவே சிரித்தது. சிரித்தவர்கள்தான் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். ஏணிக்கு ஓர் ஆணி, அது சம்பாதித்து வாங்கிய துளை போடும் மெஷினுக்கு ஓர் ஆணி, ரெண்டும் சேர்ந்து சம்பாதித்து வாங்கிய தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு ஓர் ஆணி என்று முன்னறைச் சுவர் நிறைந்துவிட்டது. கருவிதான் கருவியை வாங்க வேண்டும், நம் கை வாங்கக் கூடாது என்று நீதானே சொன்னாய். தள்ளுவண்டி வாங்க ஆசைப்பட்டு நான் பக்கத்துத் தெருவில் கைமாற்றுக் கேட்கலாமா என்றபோது என்னை எப்படிப் பிடித்துக்கொண்டாய், ஏணி இன்னும் நாலு மாசம் ஏறி இறங்கட்டும் அப்புறம் வண்டி தானா வரும் என்றாய், அப்படியே வந்தது. நீ வேலைக்கு அவ்வளவு தூரம் போன பிறகு உன் பணம் இந்த வீட்டுக்குக் கூரை போட்டது, உன் அம்மாவுக்குக் கண் கொடுத்தது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்றைக்கு அவள் முதலில் பார்த்தது என்னைத்தான், இவ்வளவு நரைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். அதற்கு ஒருவரிடமும் போய் நாம் கை நீட்டவில்லை. இதையெல்லாம் போனில் உன்னிடம் சொன்னதில்லை, சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். நீ செய்தது பெரிது மகளே, பெற்றவன் பிள்ளைக்கு நன்றி சொல்லக் கூடாது என்பார்கள், நான் சொல்கிறேன், நன்றி.

இப்போது போன மாசம் நடந்த கூத்தைக் கேள். உன் பெரிய அத்தை நாலு நாள் தங்குகிற மாதிரி வந்தாள். என் அக்காவின் வாய் உனக்குத் தெரியாததா, போன முறை வந்தபோது இது வீடா செருப்புக் கடையா என்று கேட்டுவிட்டு அதையே சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். அந்தப் பயத்தில் உன் அம்மா அவள் வருவதற்கு முன்னால் ஆணியில் தொங்கிய செருப்புகளை எல்லாம் கழற்றி ஒரு பழைய சாக்கில் போட்டுக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம் பழைய சாமான் எடுக்கிறவர் குரல் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அத்தை உதவி செய்கிறேன் பேர்வழி என்று அந்தச் சாக்கைத் தூக்கிக் கொடுத்து, சும்மா கொடுத்தால் அவள் அத்தை ஆவாளா, பேரம் பேசி ஒரு பிளாஸ்டிக் குவளையும் வாங்கியிருக்கிறாள். ஜோடி இல்லாத செருப்புக்கே குவளை வாங்கிட்டேன் பார் என்று என்னிடம் பெருமை வேறு. அந்தக் குவளை இப்போது குளியலறையில் இருக்கிறது, ஊர் உலகத்திலேயே விலை உயர்ந்த குவளை அதுதான்.

சாயங்காலம் ஆறு பேர் சாமானைத் திருப்பிக் கொடுக்க வந்து நிற்கிறார்கள். அத்தை அறையைவிட்டு வெளியே வரவில்லை. நான் முன்னால் போய் நடந்ததைச் சொல்லி, புதுச் செருப்பு வாங்கித் தருவது என் பொறுப்பு என்றேன். குழாய்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், வண்ணம் அடிக்கிறவர் மட்டும் முகத்தை நீட்டிக்கொண்டு தன்னுடையது போன வாரம் வாங்கிய தோல் செருப்பு என்றார். நான் எல்லாச் செருப்பையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், எது வெளிப்பக்கம் தேய்ந்தது, எதற்குக் கட்டைவிரல் இடத்தில் ஓட்டை, எதற்கு வார் மாற்றியது என்று. அவரிடம் வந்தபோது, அண்ணே, உங்க செருப்புக்குக் குதிகால்ல சைக்கிள் டயரை வெட்டி ஒட்டியிருந்தீங்க, டயர்ல காத்து இருக்கான்னு பார்க்கணும்னு போன தடவை நானே கேட்டேனே என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஞாபகத்துக்கு வரி போட்டால் நீங்கதான்யா முதல்ல கட்டணும் என்றார்.

அந்த ஆறு பேரில் மோட்டார் எடுத்துப்போன மேஸ்திரியும் ஒருவர். எல்லோரும் போன பிறகும் அவர் ஒரு காலில் செருப்போடு உட்கார்ந்து நம் கொட்டகையில் இருக்கிற சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் துடைத்து எண்ணெய் போட்டு நிற்பதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, தன்னிடம் சிமெண்டு கலக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது, தனக்கு வேலை இருக்கும் நாளில் ஓடும், இல்லாத நாளில் வைக்க இடமில்லாமல் மழையில் நனைகிறது, கேட்கிறவனுக்குக் கொடுத்தால் எவனிடம் போனது என்றே தெரிவதில்லை என்றார். உங்கள் கொட்டகையில் நிற்கட்டும், நீங்கள் வாடகைக்கு விடுங்கள், வருவதில் பாதி உங்களுக்குப் பாதி எனக்கு, ரிப்பேர் வந்தால் அதிலும் பாதி, என் வேலைக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்வேன், ஒரு பைசா முன்பணம் வேண்டாம் என்றார். எங்கள் முதலாளி என் மகள், அவள் வெளியூரில் இருக்கிறாள், கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். முதலாளியைக் கேட்கிறவரை மெஷின் நனையணுமா என்று கேட்டு மறுநாளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒரு மாசம் ஓட்டிப் பார்த்து, நன்றாக வந்தால் உன்னிடம் சொல்லலாம், வராவிட்டால் சத்தமில்லாமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நானும் அம்மாவும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அதற்குள் நீ முந்திக்கொண்டாய். மெஷின் இந்த ஒரு மாசத்தில் மூன்று வீட்டுக்குப் போய் வந்துவிட்டது. முதல் வாடகையில் ஐந்து பேருக்கும் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாயிற்று, மேஸ்திரி மட்டும் கூட்டாளிக்கு எதுக்குச் செருப்பு என்று மறுத்துவிட்டார். மெஷினுக்கும் ஓர் ஆணி அடித்துவிட்டேன். நீ கடன் எடுத்து வாங்கித் தர நினைத்த மெஷின் கடன் இல்லாமல் நம் கொட்டகையில் நிற்கிறது மகளே.

இனி பல்லுக்கு வருகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பெண் லீவில் வந்தவள் நீ கொடுத்த பையைக் கொடுக்க வீட்டுக்கு வந்தாள். அம்மா கேட்கக் கேட்க அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்ல வரவில்லை. நீ வேலைக்குப் போக வர நடக்கிறாயாம், பஸ் காசை எடுத்து வைக்கிறாயாம், ஒரு பக்கமாகவே மெல்லுகிறாயாம், ஏன் என்றால் அடுத்த மாசம் பார்க்கலாம் என்கிறாயாம். எத்தனை அடுத்த மாசம். ஏணி வாங்கக் காசு சேர்த்தது சிக்கனம், வலியைச் சேர்த்து வைப்பது சிக்கனம் இல்லை. பல் இன்றைக்குக் கேட்பது கொஞ்சம், நாளைக்குக் கேட்டால் வட்டியும் சேர்த்துக் கேட்கும், கடன் வேண்டாம் என்கிற வீட்டில் பல்லுக்கு மட்டும் கடன் சொல்லலாமா. இந்த மாசத்திலிருந்து எங்களுக்குப் பணம் அனுப்பாதே. இது கோபம் இல்லை, வீறாப்பும் இல்லை. வாடகையில் எங்கள் சாப்பாடு, மாத்திரை, கரண்டு எல்லாம் போய் காசு சேர்க்கிற டப்பாவிலும் கொஞ்சம் விழுகிறது, அம்மாவே கையால் எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதச் சொன்னாள். நீ அனுப்புவதை முதலில் பல் டாக்டரிடம் கொடு, மழை நாளில் பஸ்ஸில் போ, மீதியை உன் பேரில் போடு. நீ திரும்பி வந்தால் வீட்டு வருமானம் நின்றுவிடும் என்று பயந்துதான் மெஷினை முன்னால் அனுப்பப் பார்த்தாய், எனக்குத் தெரியாதா. நின்றுவிடாது. உனக்குத் துணி வெளுக்கும் வேலை அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும், இந்தத் தெருவில் போர்வையும் திரைச்சீலையும் துவைக்க ஆள் தேடாத வீடு இல்லை. பழைய துவைக்கிற மெஷின் ஒன்றுக்குப் பாதிப் பணம் டப்பாவில் இருக்கிறது, மீதிப் பாதியை ஏணி ஏறி இறங்கிக் கொண்டுவரும். இப்போது இருக்கிற உன் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் அஞ்சு மாசம்தானே, அதை முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்து வா. வேறே கையெழுத்து எதுவும் வேண்டாம்.

அம்மா உனக்கு நிறைய ஆசீர்வாதம் சொல்கிறாள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறாள், வெட்கப்படாமல் பல் டாக்டரிடம் வாயை நன்றாகத் திறக்கச் சொல்கிறாள். அத்தையும் ஆசீர்வாதம் சொன்னாள், குவளையைப் பற்றி மட்டும் உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன். நீ நூறு வயது குறை இல்லாமல் இரு, உன் கை எப்போதும் கொடுக்கிற கையாகவும் தனக்கும் எடுத்து வைத்துக்கொள்கிற கையாகவும் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீ புறப்பட்ட அன்றைக்கு உன் நீலச் செருப்பில் ஒன்றைக் கழற்றி முதல் ஆணியில் மாட்டிவிட்டு, என்னையும் வாடகைக்கு விட்டதா நினைச்சுக்கோப்பா என்று சொல்லி இன்னொன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா. சுவரில் இருந்த எல்லாச் செருப்பையும் சாக்கில் போட்ட உன் அம்மா அதை மட்டும் தொடவில்லை. அத்தை வந்ததும் வராததுமாக இது மட்டும் எதுக்குத் தொங்குது என்று அதைத்தான் கேட்டாள். உன் அம்மா சொன்னாள், "அது நாம எடுக்கிற செருப்பு இல்ல அண்ணி. ஆள் வந்துதான் எடுத்துக்கணும்."

இப்படிக்கு,
கட்டைவிரலில் மை இன்னும் காயாத
உன் அப்பா