கடல் திருப்பித் தரும் நாள்

திருகோணமலை,
பங்குனி, வெள்ளிக்கிழமை.

அன்பின் அத்தானுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடிருக்கட்டும். நானும் பிள்ளையும் சுகம். பண்டாரவளைக் குளிர் உங்கள் நெஞ்சுச் சளிக்கு ஒத்துக்கொள்கிறதா? தியான இல்லத்தில் தொலைபேசி வேண்டாமென்று நீங்கள் முடிவெடுத்தபடியால் எழுதுகிறேன். போதகர் ஓய்வுக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சபையாருக்குச் சொன்னேன். மற்றதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

இங்கே விடியலில் குடாவின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பனிப்புகார் படிகிறது. துறைமுகத்துக் கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்று தெரிவதில்லை.

ஒரு துக்கச் செய்தி. எங்கள் சபைப் பேணாட் கடலோடு போய்விட்டார். மாசிக் கடைசியில் திடீரென்று கிளம்பிய காற்றில், மீன்பிடிக்கப் போன வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன மூதூர் றுவைஸ் வெற்று எண்ணெய்க் கானைப் பிடித்து மிதந்து கரை சேர்ந்தார். பேணாட்டின் உடல் கிடைக்கவேயில்லை. அவர் மனைவி றோஸ் நாள்தோறும் கரையில் போய் நின்றாள். பிறகு என்னிடம் வந்து, பெட்டி இல்லாவிட்டாலும் அடக்க ஆராதனை வேண்டும், நான்தான் நடத்த வேண்டும் என்றாள். அடுத்த சபைப் போதகரைக் கூப்பிடுகிறேன் என்றதற்கு, "அவருக்கு இவரைத் தெரியாதம்மா" என்றாள்.

பேணாட் எங்கள் நினைவில் வாழ்கிறார் என்று ஆராதனைக்கு ஆறுதலாக ஏதோ எழுதி றோசுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் கடைசி மாதங்களில் பிரசங்கித்ததைப் போல, ஒருவரும் மறுக்காத வார்த்தைகள். றோஸ் கேட்டுவிட்டு, "நினைவு மட்டும் எனக்குக் காணாதம்மா. கடல் தன்னட்ட இருக்கிற செத்த ஆக்களைத் திருப்பிக் குடுக்குமெண்டு வேதத்தில இருக்கெல்லே, அதை வாசியுங்கோ" என்றாள்.

விடியற்காலையில் கரையில் கூடினோம். றுவைசும் அவருடைய ஆட்களும் மூதூரிலிருந்து வந்து பின்னால் நின்றார்கள். முஸ்லிம்களான அவர்கள் முன்னால், இயேசு உயிர்த்தார், பேணாட்டும் எழும்புவார் என்று சொல்ல எனக்குக் கூச்சம். குரலைத் தாழ்த்தி வாசித்து முடித்தேன். றுவைஸ் கிட்ட வந்தார்.

"அக்கா, மவுத்தானவங்களை எழுப்புற நாள் எங்கட இஸ்லாம் மார்க்கத்திலயும் இருக்கு. உங்கட முறையில நீங்கள் என்ன சொல்லுறீங்களெண்டு கேக்கத்தான் வந்தனாங்கள். ஏன் களவா வாசிக்கிற மாதிரி வாசிச்சனீங்கள்? பேணாட் அண்ணன் வள்ளத்தில இதைச் சத்தமாத்தான் சொல்லுவார்."

முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன். இந்த முறை உரக்க. என் குரல் குடாவின்மேல் கிடந்த அந்த வெள்ளைப் புகாருக்குள் போனது. அங்கே யாரோ நின்று வாங்கிக்கொண்டதைப் போலிருந்தது. றோஸ்தான் முதலில் ஆமென் சொன்னாள். பிறகு, பேணாட் போன நாளிலிருந்து அழாதவள், மணலில் குந்தியிருந்து அழுதாள்.

அத்தான், புறப்படுமுன் குசினி அடுப்படியில் நின்று கேட்டீர்களே, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எல்லாரும் நடத்துகிறார்கள், சபையென்று எங்களிடம் வேறென்ன இருக்கிறது என்று. எனக்கு விளங்கப்படுத்த ஏலாது. அன்று கரையில் றோசுக்குக் கொடுக்க என்னிடம் அந்த ஒரு செய்திதான் இருந்தது. அவள் கேட்டதும் அதைத்தான்.

உயிர்த்த ஞாயிறு விடியலிலும் கரையில் கூடுவோமென்று சபையார் சொல்கிறார்கள். வாருங்கள். அங்கி வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். நம்ப ஏலாவிட்டாலும் வாருங்கள். சனத்துக்குப் பின்னால் எங்கேயாவது நில்லுங்கள். உங்களுக்குக் கேட்கும்படி நான் வாசிப்பேன்.

கர்த்தர் உங்கள் வழியைக் காப்பாராக.

உங்கள் அன்பின்,
ஜெயரூபி