அம்மாவின் விரலில் நாலு கோடு

திருத்தணி,
ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.

அன்பு மகன் எழிலனுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், ஜெர்மனியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீங்கள் இருவரும் சேர்ந்துகொண்டு மழுப்பிவிடுவீர்கள், அதனால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

இரண்டு மாதமாக உன் அம்மாவின் போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. இடது கை நகங்களை மட்டும் ஒட்ட வெட்டியிருந்தாள், வலது கையில் அப்படியே விட்டிருந்தாள். இடது ஆள்காட்டி விரலில் குறுக்கே நாலு கோடு. கேட்டதற்குக் கத்தி பட்டுவிட்டது என்றாள். அளந்து வைத்தமாதிரி நாலு இடத்தில் கத்தி படுமா, நாற்பது வருஷம் மோட்டார் கழற்றி மாட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா. தினமும் நாலு மணிக்குப் பெரிய துணிப்பையோடு வரலட்சுமி வீட்டுக்குப் போய்வந்தாள். வரலட்சுமி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். சர்க்கரை ஏறி விரல் மரத்துப்போய் எனக்குத் தெரியாமல் வைத்தியம் பார்க்கிறாளோ என்று சந்தேகம். பீரோவில் மாத்திரை தேடினேன், அவள் போனைக்கூட எடுத்துப் பார்த்தேன், அது தப்புதான்.

நேற்று காவடிக் கூட்டத்தில் ரோடே அடைத்துப் போனதால் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு அவள் பின்னாலேயே போனேன். வரலட்சுமி வீட்டு ஜன்னலில் பார்த்தால் நீ விட்டுப்போன உகுலேலே, அந்தக் குட்டி கிடார், அவள் மடியில், எதிரே போனில் நீ. ஒரே விரலை நாலு தந்திக்கும் குறுக்கே படுக்கவைத்து, மேலும் இரண்டு விரலை வளைத்து அமுக்க வேண்டுமாம், அந்தப் பிடிக்குப் பேர் பி பிளாட்டாம். இருபது தடவை அமுக்கினாள், இருபது தடவையும் டொக்கென்று செத்த சத்தம். விரலைக் கொஞ்சம் சாய்த்துக்கோம்மா என்று நீ சொன்னாய், கூடவே நைனாவுக்குத் தெரியாதில்ல என்றும் கேட்டாய். ஆங், தெரியாது, தெரிஞ்சா கத்துவாரு என்றாள் அவள். கூப்பிடாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அவள் வீட்டுக்கு வந்ததும் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். இதைத் தூக்கிப் போட்டுட்டுப் படிக்கிற வழியைப் பாருன்னு அன்னிக்கி அவனை அந்தத் திட்டு திட்டனீங்க, நான் வாசிச்சா மட்டும் சும்மா இருப்பீங்களா என்றாள். முன்னெல்லாம் சாப்டியான்னு கேட்டுட்டு வெச்சிடுவான், இதைக் கத்துக்க ஆரம்பிச்சப்புறம் அரை மணி நேரம் பேசிக்கினு இருக்கான் என்றாள். நீ என்னிடம் கடைசியாக எவ்வளவு நேரம் பேசினாய் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அதைக் கொடு பார்க்கலாம் என்றேன். உடைத்துவிடுவேனோ என்று பயந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். தந்திகள் தலைப்பக்கம் ஏறிப்போகிற சின்னக் கட்டை உயரமாக இருக்கிறது, அதனால்தான் எவ்வளவு அமுக்கினாலும் இறங்கவில்லை, அவள் விரல்மேல் குற்றமில்லை. தந்தியைத் தளர்த்தி, மெல்லிய அரத்தால் அந்தக் கட்டையில் தந்தி உட்காருகிற காடிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். இப்போது மூன்று தந்தி ஒலிக்கிறது, ஒன்று மட்டும் ஊமை. வாங்கும்போதே இது இப்படித்தானா எழிலா? அப்படியென்றால் உன் விரலும் இப்படித்தானே வலித்திருக்கும். ஒரே வீட்டில் இருந்தும் உன் கையை நான் பார்க்கவில்லை.

இன்னும் என்னென்ன என்னிடம் மறைக்கிறீர்களோ, அதையும் சொல்லிவிடுங்கள், கத்த மாட்டேன். சைக்கிளில் போகும்போது ஹெல்மெட் போட மறக்காதே. தணிகை முருகன் உன்னை நல்லபடி வைப்பான். அந்த நாலாவது தந்திக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, உன்னைக் கேட்காமல் இனி அரம் வைக்கமாட்டேன். அடுத்த தடவை கூப்பிடும்போது போனை என்னிடம் கொடுக்கச் சொல். சுருக்கமாகப் பேசி முடிக்கிற வேலை இல்லை இது.

உன் நைனா,
சின்னசாமி