வெட்டாமல் விட்ட மூச்சு

அன்புள்ள டைரக்டருக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம். நம் ஆவணப்படத்தை எடிட் செய்து முடித்துவிட்டேன்.

உன் சத்தம் படத்தில் கேட்கவே கூடாது என்பது நீ போட்ட சட்டம். இத்தனை வருடமாக நம் ஒவ்வொரு படத்திலும் உன் கேள்வி, தும்மல், செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் துடைத்து எடுத்தவள் நான். கேமராவுக்குப் பின்னால் நீ விடுகிற மூச்சுகூட எனக்கு அத்துப்படி.

இந்த முறை ஓர் இடத்தை மட்டும் வெட்டவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் பேசிக்கொண்டே படியேறுகிறார். நீ கேமராவோடு பின்னால் போகிறாய். அவர் பாதியில் நின்று திரும்பிப் பார்க்கிறார்.

"எனக்கே மூச்சு வாங்கல, உனக்கு ஏன் தம்பி இப்படி இரைக்குது? டாக்டரைப் பாத்தியா?"

"படம் முடியட்டும்ணே, பாத்துக்கலாம்" என்கிறாய் நீ.

படம் முடிந்துவிட்டது.

அதை எடுக்கச் சொல்லிக் குதிப்பாய், தெரியும். எடுத்துவிடுகிறேன், ஒரு நிமிட வேலை. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நேரில் வா. வராவிட்டால் அப்படியே இருக்கட்டும். முதல் திரையிடலில் உன் மனைவியும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த கத்தரிக்கோல்