முன் சீட்டில் உன் பறை

என் தாளக்காரிக்கு,

உன் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். ஆமாம், நானேதான்! புனேயிலிருந்து மூன்று நாள், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், தனியாக ஓட்டி வந்துவிட்டேன். மேம்பாலம் என்றாலே ஆட்டோ பிடிக்கிற நான்!

பின் சீட்டில் என் வயலின். முன் சீட்டில் பெல்ட் போட்டு, என்னிடமே தங்கிவிட்ட உன் பறை. தாவணகெரேயில் பனிக்குத் தோல் தொய்ந்துவிட்டது. சாலையோர ஓட்டல் அடுப்பில் காட்டி நானே காய்ச்சினேன். தட்டியதும் சமையல்காரர் கரண்டியோடு ஆடினார்! திருத்துறைப்பூண்டிக்கு வரும் வழியெல்லாம் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. ஒரு மணியைக்கூட மிதிக்காமல் வந்தேன்.

தஞ்சாவூர் மாநாட்டில் நாளை, சனிக்கிழமை, பதினொரு மணிக்கு நம் கட்டுரை. இதோடு வைத்திருக்கும் அழைப்பிதழைப் பார், உன் பெயர்தான் முதலில். உன் பறையடிகளை வைத்து எழுதிய அதே கட்டுரை புத்தகத்தில் வந்தபோது... சரி, அது இப்போது எதற்கு.

"டீச்சர் ஸ்கூல்லேருந்து வர நாலு மணி ஆவும், உள்ள வந்து உக்காருங்க" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உட்காரத்தான் ஆசை. இருந்த தைரியமெல்லாம் மேம்பாலங்களோடு தீர்ந்துவிட்டது.

அச்சகத்தின் தவறு என்று அன்று உன்னிடம் சொன்னேன். பொய். உன் பெயரை எடுத்தது நான்தான்.

பறையை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மேடையில் இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நீ வராவிட்டால், நான் செய்ததை மட்டும் அங்கே சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.

உன் பழைய வயலின்காரி