“சோதனைக்கு வச்சிருக்கோம் சார்”

பாய்,

இன்று காலை என் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. தலைமை மருத்துவர் அதன் ஓரத்தில் பச்சை மையில் ‘மருந்தாளுநர் நிரப்பி அனுப்பவும்’ என்று எழுதியிருந்தார். அரசு மருத்துவமனைகள் எல்லாம் இனி திறமூல மென்பொருளுக்கு மாற வேண்டுமாம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்த்துத் திருத்தலாம் என்கிற வகை. அவற்றை வளர்த்தெடுக்க அரசே நிதி தரப்போகிறதாம். கூடவே ஒரு பட்டியல் இருந்தது. மூன்றாவது வரியில் உங்கள் மருந்துக் கிடங்கு மென்பொருள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை பாய். காது மடல் சுட்டது. பட்டியலுக்குக் கீழே இரண்டு கேள்விகள். இந்த மென்பொருள் உங்கள் மருத்துவமனையில் எப்போதிலிருந்து பயன்பாட்டில் உள்ளது? கண்டறிந்த குறைகளை எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? பேனாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். கடைசியில் தாகமே இல்லாமல் தண்ணீர் குடிக்கப் போனேன். இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். அதனால்தான் எழுத முடியவில்லை.

நீங்கள் முதன்முதலில் வந்தது சர்க்கரை மாத்திரைக்கு. அன்றைக்கு எங்கள் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டு கிடந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று கொடுத்த மென்பொருள் அது. வருடாந்திர அனுமதி முடிந்துவிட்டது என்று ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டிவிட்டு, கிடங்கின் மொத்தக் கணக்கையும் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என் அறையில் என்ன மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு சீட்டுக்கும் எழுந்து போய் அட்டைப்பெட்டிகளைக் குடைந்துகொண்டிருந்தேன். வரிசை வாசல் தாண்டி வேப்பமரம் வரை நின்றது.

ஜன்னலில் குனிந்து எட்டிப் பார்த்து, “பூட்டிட்டானா மேடம்? சாவி அவன்ட்ட இருந்தா பீரோ எப்படி உங்களுதாகும்?” என்றீர்கள்.

“மாத்திரை வேணுமா, வியாக்கியானம் வேணுமா?” என்று எரிந்து விழுந்தேன். சிரித்துக்கொண்டே மாத்திரையை வாங்கிப் பைக்குள் போட்டீர்கள். ஆனால் போகவில்லை. வரிசை கரையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி வந்தீர்கள். சவூதியில், தம்மாமில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் பல வருடம் வேலை பார்த்ததாகவும், இப்போது பத்தமடையில் வீட்டோடு இருப்பதாகவும் சொன்னீர்கள். “நான் ஒண்ணு செஞ்சு தாரேன் மேடம். வீட்ல சும்மா இருந்தா சர்க்கரை இன்னும் ஏறுது.”

விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் மாத்திரைக்கு வரும்போது கையோடு கொண்டுவந்துவிட்டீர்கள். அதன் மூல நிரல் முழுவதையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஒரு பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்திலேயே குறைகளை எழுத ஓர் இடம் இருந்தது. எழுதுகிறவரின் பெயர் மேலே தெரியும், பதில் கீழே தெரியும்.

“குறை இருந்தா அங்கன எழுதுங்க மேடம். போன்ல சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கன எழுதுனா கடையத்துல இருக்கவனும் பாப்பான், கன்னியாகுமரில இருக்கவனும் பாப்பான்.”

“பேரும் பதவியும் போட்டு, அரசு ஆஸ்பத்திரில தப்பு நடக்குன்னு நானே எழுதணுமா? மறுநாளே மெமோ வரும் பாய்.”

நீங்கள் வற்புறுத்தவில்லை. நானும் என் பழக்கப்படி போனை எடுத்தேன். இத்தனை வருட அரசாங்க வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். நல்லதாக எதுவும் நடந்தால் கோப்பில் ஏற்றுவோம், தவறு என்றால் வாயோடு முடித்துக்கொள்வோம். காலாவதிப் பட்டியலில் இருமல் மருந்து வரமாட்டேங்கு பாய். ஒரே ஊசி மருந்து ரெண்டு இடத்துல காட்டுது பாய். கல்யாண வீட்டில் இருந்தாலும், ஒளு செய்து தொழுகைக்குப் போகிற நேரமாக இருந்தாலும் “பாக்கேன் மேடம்” என்பீர்கள். ஒருநாளும் “அப்புறம் கூப்பிடுங்க” என்று சொன்னதில்லை. பிறகு நான் சொன்ன குறையை நீங்களே உங்கள் பெயரில் அந்தப் பக்கத்தில் எழுதி, நீங்களே சரிசெய்து, நீங்களே பதிலும் எழுதுவீர்கள்.

“என்ன பாய், நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லுதீங்க?” என்று ஒருமுறை கேலி செய்தேன்.

“நீங்க எழுத மாட்டேங்கீங்கல்லா. நான் என்ன செய்ய?”

சேர்ந்து சிரித்தோம். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப நாளானது.

மலை மேல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்கு மருத்துவ வண்டி போகும்போது அங்கே சிக்னல் கிடைப்பதில்லை, என்ன செய்வது என்று கேட்டேன். நேரில் பார்க்க வேண்டும் என்று மணிமுத்தாறு வழியாகப் போகிற எஸ்டேட் பஸ்ஸில் மடியில் கம்ப்யூட்டரோடு ஏறிவிட்டீர்கள். வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளிறிப் போய்த் திரும்பி வந்தீர்கள். “அங்கன யாருக்கும் மாத்திரை பேரு தெரியல மேடம். வெள்ளை, சின்னது, காலைல போடுதது, அப்படித்தான் சொல்லுதாங்க.” அதற்கப்புறம் ஒவ்வொருவரும் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தைப் படத்தோடு காட்டும் பகுதி ஒன்றைச் சேர்த்தீர்கள். இணையம் இல்லாமலே அது ஓடும். கீழே வந்ததும் எங்கள் கணக்கோடு தானாகச் சேர்ந்துகொள்ளும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகள் மூன்று நான்கில் என்னைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவர்களும் குறை என்றால் எனக்குத்தான் போன் செய்வார்கள். நான் உங்களுக்குச் செய்வேன். யாரும் எங்கேயும் எழுதவில்லை.

இப்படியே ஆறு வருடம் ஓடியது. அப்போதுதான் பொதுப் பயன்பாட்டு மென்பொருள்களுக்கு நிதி தருவதற்கென்று திருநெல்வேலியில் ஒரு கூட்டம் போட்டார்கள். நீங்கள் விண்ணப்பித்திருந்தீர்கள். “ஒரே ஒரு வருசம் மேடம். கூட ரெண்டு பிள்ளைகளைச் சேத்துக்கிட்டு இதை மட்டும் செஞ்சாப் போதும். எனக்கு அப்புறமும் அதுவா ஓடும். இல்லைன்னா நான் வேற வேலைக்குப் போகணும். வீட்டுக் காரியம் இழுத்துக்கிட்டே போவுது.” அதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி சொன்னீர்கள்.

கூட்டத்துக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஆள் கூப்பிட்டிருந்தார்கள். தலைமை மருத்துவரும் நானும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். நீங்கள் தேய்த்த வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றீர்கள். நிதிக் குழுவில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் உங்கள் பக்கத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். மேலும் கீழும் நகர்த்தினார்.

“எல்லாக் குறையையும் எழுதியிருக்கிறது நீங்க. பதில் சொல்லியிருக்கிறதும் நீங்க. இதை உங்களைத் தவிர யாராவது பயன்படுத்துறாங்களா?”

“பயன்படுத்துதாங்க சார்.”

“யாரு?”

நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வரிசைப் பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அதிகாரி அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு, “உங்க ஆஸ்பத்திரில இது ஓடுதாம்மா?” என்றார்.

ஆறு வருடமாக ஓடுகிற மென்பொருளுக்கு எங்கள் கோப்பில் ஓர் உத்தரவு கிடையாது. மேலிடத்தில் யாரையும் நாங்கள் கேட்டதில்லை. பக்கத்தில் தலைமை மருத்துவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் எழுந்து நின்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா பாய்?

“சோதனைக்கு வச்சிருக்கோம் சார்.”

அவர் குறித்துக்கொண்டார். “சரி, முறையா பயன்பாட்டுக்கு வரட்டும். அப்புறம் பார்க்கலாம்.” நான் உட்கார்ந்தேன். நீங்கள் கம்ப்யூட்டரை மூடி, வயரைச் சுருட்டி, பையில் வைத்தீர்கள். தாழ்வாரத்தில் என்னைத் தேடி வந்தீர்கள். கேட்கப் போகிறார், நன்றாக நாலு வார்த்தை கேட்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

“போறதுக்குப் பஸ்ஸா மேடம், ஆஸ்பத்திரி வண்டி இருக்கா?” என்றீர்கள்.

அடுத்த மாதமே கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியின் சரக்குக் கிடங்கில் சேர்ந்துவிட்டீர்கள். பத்தமடையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மாத்திரை வாங்க உங்களுக்குப் பதில் உங்கள் மனைவி, லாத்தா வர ஆரம்பித்தார்கள். அப்போதாவது நான் உங்களுக்குப் போன் செய்வதை நிறுத்தினேனா? இல்லை. நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். உங்கள் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தேன்.

மாஞ்சோலைத் தொழிலாளர்கள் வேலை போய், வீடு போய், கீழே இறங்கி ஆளுக்கொரு திசையாகப் போனார்கள் அல்லவா? போன ஊரிலெல்லாம் அவர்கள் மருந்துப் பட்டியல் திறக்க வேண்டும் என்று நான் பதறிக்கொண்டு கூப்பிட்டேன். மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செய்து முடித்தீர்கள். வயசான பாட்டா ஒருவர் எங்கள் ஜன்னலில் நின்று திரையைப் பார்த்து, “இந்தா இருக்குல்லா என் வெள்ளை மாத்திரை” என்று தொட்டுக் காட்டினார். அதை உங்களிடம் சொன்னேன். “நல்லது மேடம்” என்றீர்கள். வாயில் சோறு இருந்தது.

கடைசி அழைப்பையும் சொல்லிவிடுகிறேன். காலாவதிப் பட்டியல் வரவில்லை என்று அடித்தேன். லாத்தா எடுத்தார்கள். “அவங்க காலைல மௌத்தாயிட்டாங்க மேடம். நெஞ்சு வலின்னாங்க, அவ்வளவுதான்.” ஆறுதலாக ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனை வைத்ததும் மனதில் வந்த முதல் எண்ணம் மட்டும் நினைவிருக்கிறது. இனி இந்தப் பட்டியலை யார் சரிசெய்வார்கள் என்பதுதான் அது. உங்களுக்காக அழுகை வர மாலை ஆகிவிட்டது.

இன்று மதியம் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பத்தமடைக்குப் போனேன். லாத்தாவிடம் சுற்றறிக்கையைக் காட்டி, உங்கள் மென்பொருளை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது, அதற்கு ஆள் போட்டு வளர்க்கப் போகிறார்கள் என்று சொன்னேன். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள்.

“எல்லாம் நீங்கதான் மேடம். அன்னைக்குத் திருநவேலி கூட்டத்துல எல்லாரும் கம்முனு இருந்தாங்களாம். ‘அந்த மேடம் ஒருத்தங்கதான் எந்திரிச்சு நின்னாங்க’ன்னு வந்து சொன்னாங்க. அதை எத்தனை தரம் சொல்லியிருப்பாங்க தெரியுமா?”

பாய், நான் எழுந்து நின்றது நிஜம்தான். அந்தப் பாதியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

தலையை ஆட்டிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். பிறகு சொன்னேன். “எந்திரிச்சேன் லாத்தா. அவங்களுக்காகப் பேசல. சும்மா சோதனைக்குத்தான் வச்சிருக்கோம்னு பொய் சொன்னேன். அதாலதான் அன்னைக்குக் கிடைக்காமப் போச்சு.”

லாத்தா சுற்றறிக்கையை மடித்து என் பக்கம் நகர்த்தினார்கள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு, “டீ ஆறுது, குடிங்க” என்றார்கள். குடித்தேன். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை. அது சரிதான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உங்கள் பக்கத்தைத் திறந்தேன். என் பெயர், பதவி, ஆஸ்பத்திரி எல்லாம் போட்டுக் கணக்குத் தொடங்கினேன். மெமோ வந்தால் வரட்டும். குறை எழுதும் இடத்தில் எழுதினேன்: எங்கள் மருத்துவமனையில் இந்த மென்பொருள் தொடங்கிய நாளிலிருந்து தினமும் ஓடுகிறது. இங்கே இதை உருவாக்கியவர் பெயரில் இருக்கும் குறைகளில் பெரும்பகுதி நான் போனில் சொன்னவை. நிதிக் குழுவின் முன் இதைச் சோதனைக்கு வைத்திருப்பதாக நான் சொன்னது பொய்.

அனுப்பு என்பதைத் தொட்டேன். உடனே என் பெயரோடு அது பக்கத்தின் உச்சியில் வந்து நின்றது. அதற்குக் கீழே ஒரு வரி தானாகவே விழுந்தது. புதிதாக எந்தக் குறை வந்தாலும் அப்படி விழும்படி நீங்களே அமைத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. ‘இதைச் சரிசெய்யும் பொறுப்பு’ என்று இருந்தது. பக்கத்தில் உங்கள் பெயர். ‘நிலை: முடிக்கப்படவில்லை.’